வளர்த்தெடுத்தலும் வருவித்தலும்

விளையாட்டுக் கழகமொன்று வெற்றி பெறுதற்கு இரு வழிகள் உள. தன் ஊர்ச் சிறுவரைத் தெரிந்தெடுத்துப் பல்லாண்டு பயிற்றிக் களத்தில் இறக்குவது ஒன்று. பிறவிடத்தில் தேர்ச்சிபெற்ற வீரரைப் பொருள்கொடுத்து வருவிப்பது மற்றொன்று. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா தொழின்முறைக் கழகங்களுக்கு மாத்திரம் உரியதன்று. பெரும் போட்டியில் வெல்லும்பொருட்டு உயர்தர வகுப்பிலே வெளியூர் வீரரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பாடசாலைகளிலும் உண்டு. ஆதலின், பழைய மாணவராகிய நாமும் இதனைச் சிறிது ஆராய்தல் தகும்.

இவ்வினா தெளிவாக விளங்கும் களம் றக்பி லீக் என்னும் ஆட்டமாகும். 1895 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரிற் கூடித் தாய்ச் சங்கத்தினின்றும் பிரிந்தன. ஆடச் செல்லும் தொழிலாளர் இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்பதே பிணக்கின் மூலம். பின்னர்ப் பதின்மூவர் ஆட்டமாக உருப்பெற்றது இக்கிளையே. வீரனுக்குப் பணம் கொடுக்கலாம் என்ற விதி வந்தவுடன், ஒரு கழகம் வளர்த்த வீரனை மற்றொரு கழகம் விலைபேசும் நிலையும் உடன் வந்தது.

அவுஸ்திரேலியாவின் இரு கழகங்களை நோக்குக. மெல்பேண் நகரம் வேறொரு வகைக் காற்பந்தாட்டத்தில் ஊறியது. றக்பி லீக் பயிலும் சிறுவர் ஆங்கு மிகக் குறைவு. எனினும் 1998 இல் முதன்முறை போட்டியில் இறங்கிய மெல்பேண் ஸ்ரோம் கழகம், பிறவிடத்து வீரரைக் கொண்டு மறு ஆண்டிலேயே வாகை சூடியது. ஆனால் 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் அது பெற்ற பட்டங்கள், வீரர் ஊதியத்துக்கு விதிக்கப்பட்ட மேலெல்லையை மீறியமைக்காக 2010 இல் பறிக்கப்பட்டன. சிட்னியின் மேற்குப் புறத்திலுள்ள பென்றித் கழகமோ, தன் சுற்றுவட்டத்துச் சிறுவர் கழகங்களையே நாற்றுமேடையாகக் கொண்டது. 2020 இல் இறுதியாட்டத்தில் மெல்பேணிடம் தோற்ற அக்கழகம், 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து வென்றது.

இதனால் வளர்த்தெடுத்தலே எவ்விடத்தும் போதும் என்று துணிதல் கூடாது. ஊதியத்துக்கு எல்லை இருக்கும்போது இளம் வீரர் குறைந்த செலவில் கிடைப்பர். வெற்றி வந்ததும் அவர்தம் மதிப்பு உயரும். எல்லோரையும் வைத்திருக்க இயலாது. பென்றித்திற் புகழ்பெற்ற ஸ்ரீபன் கிறைற்றன், ஜெறோம் லுவாய் போன்றோர் பிற கழகங்களுக்குச் சென்றமை இதனை விளக்கும். ஆண்டுதோறும் புதிய நாற்று முளையாவிடின் வளர்க்கும் கழகமும் வாடும்.

பேராதனையில் வாழும் எமக்குக் கண்டி நகரே அண்மைச் சான்று. 1891 இல் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் அவர்கள் மாணவரிடையே றக்பி ஆட்டத்தைப் புகுத்தினார். 1906 இல் அக்கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பொருதியதே இலங்கையின் முதலாவது பாடசாலைகளுக்கிடையிலான றக்பிப் போட்டி. திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பொருதும் பிராட்பி கேடயப் போட்டி 1945 இல் தொடங்கியது. 1874 இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகம் பின்னாளில் நாட்டின் முன்னணிக் கழகமாக உயர்ந்தமைக்கு, நித்தவல மைதானத்தைச் சூழவுள்ள பாடசாலைகளின் பயிற்சி பெருந்துணையாயிற்று. கொழும்பிலிருந்தும் பீஜித் தீவிலிருந்தும் வீரர் வந்து ஆடிய பருவங்களும் உண்டு. எனினும், வந்தோர் தோள்கொடுத்தனர். வேர் இவ்வூரில் இருந்தது.

வளர்த்தவர் ஒருவர், பயன் கொள்பவர் மற்றொருவர் என்பதற்கும் இம்மாவட்டமே சான்று தரும். கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் அந்தோனியார் கல்லூரியில் முதலில் வேகப்பந்தே வீசினார். பதினான்காம் வயதளவில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவர்களின் அறிவுரைப்படி சுழற்பந்துக்கு மாறினார். பின்பு கொழும்பிலுள்ள தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடினார். 1992 முதல் 2010 வரை ஐந்துநாட் போட்டிகளில் 800 விக்கெற்றுகளைச் சாய்த்தார். உதைபந்தாட்ட உலகில், வீரனொருவன் பெருந்தொகைக்குக் கழகம் மாறும்போது, பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை அவனைப் பயிற்றிய கழகங்கள் அத்தொகையில் ஐந்து வீதத்தைப் பகிர்ந்துகொள்ளும் விதி உண்டு. கல்லூரி மைதானத்தில் மாலைதோறும் வியர்வை சிந்தும் ஆசிரியருக்குப் புகழே ஊதியம். அதுவும் எப்போதும் கிடைப்பதில்லை.

வெளியூரார் வருகை உள்ளூர் இளைஞனுக்கு நன்மையாதலும் கூடும். 2020 இல் லங்கா பிறீமியர் லீக் போட்டியில் வென்ற யாழ்ப்பாண அணியின் தலைவர் திசர பெரேரா. அணியினருட் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தவர் அல்லர். ஆயினும் அவ்வணியிலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு இடம் கிட்டியது. பத்தொன்பது வயதை எட்டும் தறுவாயில் களமிறங்கிய அவர் வீழ்த்திய முதல் விக்கெற் அஞ்செலோ மத்தியூஸ் அவர்களுடையது. 2024 இல் அவர் இந்திய பிறீமியர் லீக் போட்டியில் ஹைதராபாத் அணிக்கும் பந்துவீசினார். தேர்ந்தாரோடு கூடி ஆடுதல் ஒரு கல்வி. ஆனால் அந்த ஓரிடமும் வெளியூராருக்கே சென்றிருப்பின், இவரை யார் அறிந்திருப்பர்?

ஆகவே அளவுகோல் இதுவாகலாம்: வருவிக்கப்படுபவர் இளைஞனுக்கு வழிகாட்டுகின்றாரா, அவனது இடத்தை அடைக்கின்றாரா? முன்னது முதலீடு, பின்னது செலவு. கல்லூரிகளுக்கு இவ்வேறுபாடு இன்னும் முக்கியமானது. சிற்றூர்ப் பாடசாலையொன்று வளர்த்த வீரனை இறுதி இரண்டாண்டுக்கு அழைத்துவரின், அப்பாடசாலை தன் நட்சத்திரத்தை இழக்கும். எம்மிடம் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற மாணவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பான். வெற்றிக் கிண்ணத்தை அலுமாரியில் வைக்கலாம். அவனது ஏமாற்றத்தை எங்கே வைப்பது?

விளையும் பயிரை முளையிலே தெரியும் என்பர். ஆனால் வயலுக்குச் செல்பவன் கண்ணுக்கே அது தெரியும். விழாக் காலத்தில் கல்லூரிக்கு உதவ விரும்பும் பழைய மாணவர், பன்னிரண்டு வயதுச் சிறுவருக்கு ஒரு நல்ல பயிற்றுநரையும், சீரான மைதானத்தையும், பயிற்சி முடிந்தபின் ஒரு வேளைச் சிற்றுண்டியையும் அளிப்பாராக. அதன் பயன் அடுத்த ஆண்டிலே தோன்றாது. ஆறாண்டின் பின் களமிறங்கும் பதினொருவரும் எம்முடையவராக இருப்பர்.