பெண்வழிப் பேரனும் சோழர் சிம்மாசனமும்

வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டிலிருந்து தென்கிழக்கு நோக்கிப் புறப்படுகிறவர், ஒரு காலைப் பொழுதுக்குள் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்துவிடலாம். ராஜேந்திர சோழன் எழுப்பிய சிவாலயத்தின் விமானம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அவனுடைய அரண்மனையோ, மாளிகைமேட்டில் தோண்டிக் கண்ட செங்கல் அஸ்திவாரங்களாக எஞ்சியிருக்கிறது. அந்த அரண்மனை யாருக்கு உரியது என்ற கேள்வி, 1070-ம் ஆண்டில் ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிவிட்டது.

பட்டத்துக்குச் சண்டை வரலாகாதென்று சோழர்கள் ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். அரசன் உயிரோடிருக்கும்போதே யுவராஜாவுக்கு முடிசூட்டி, ஆட்சியில் பங்கு கொடுப்பார்கள். ராஜேந்திரன் 1018-லேயே தன் குமாரன் ராஜாதிராஜனுக்கு இளவரசுப் பட்டம் சூட்டினான். 1054-ல் கொப்பத்துப் போர்க்களத்தில் ராஜாதிராஜன் யானைமீதிருந்தபடியே உயிர் துறந்தான். உடனே தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அக்களத்திலேயே முடிசூடிக்கொண்டு, தோல்வியை வெற்றியாக மாற்றினான். 1063-ல் அடுத்த தம்பி வீரராஜேந்திரன் அரியணை ஏறினான்.

வீரராஜேந்திரன் 1070-ல் காலமானதும் அவன் மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தான். அப்பொழுதுதான் விபரீதம் நேர்ந்தது. அவனுடைய சகோதரியை மணந்த சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன், கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்து, கலகத்தை அடக்கி, மைத்துனனைச் சிம்மாசனத்தில் அமர்த்திச் சென்றான் என்று அவன் ஆஸ்தான கவி பில்ஹணர் எழுதுகிறார். ஆனால் அவன் திரும்பிய சில நாட்களிலேயே மீண்டும் கலகம் மூண்டது, அதிராஜேந்திரன் மாண்டான், வேங்கி நாட்டு இளவரசன் அரியணையைக் கைப்பற்றினான் என்பது பில்ஹணர் வாக்கு. ஜெயங்கொண்டாரோ, தமது கலிங்கத்துப்பரணியில், அரசனின்றி அல்லலுற்ற நாட்டை வந்து காத்தவன் அவனே என்கிறார். அதிராஜேந்திரன் பெயரையே அவர் சொல்லவில்லை! இரு புலவரும் தத்தம் புரவலர் பக்கம் நின்றனர்.

அந்த இளவரசன்தான் முதலாம் குலோத்துங்கன். கங்கைகொண்ட ராஜேந்திரனின் மகள் அம்மங்கை தேவி அவன் தாய். முதலாம் ராஜராஜனின் மகள் குந்தவை அவன் தந்தையைப் பெற்றவள். இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகி அவன் மனைவி. பெயருக்குச் சாளுக்கியன், உதிரத்தில் முக்கால் பங்கு சோழன்.

இதே நூற்றாண்டில், ஐரோப்பாவின் நடுவிலுள்ள ஹங்கேரியிலும் இத்தகைய நாடகம் நடந்தது நேயர்களுக்கு வியப்பளிக்கும். அந்நாட்டின் முதல் கிறிஸ்தவ மன்னர் ஸ்டீபனின் ஒரே வாரிசான மகன் 1031-ல் வேட்டையில் இறந்தான். ஸ்டீபன் தம் சகோதரி மகனும் வெனிஸ் நகரத்தவனுமான பீட்டரை வாரிசாக்கி, 1038-ல் மறைந்தார். பீட்டரை 1041-ல் பிரபுக்கள் துரத்தினர். 1044-ல் ஜெர்மானியப் படையோடு திரும்பியவன், இரண்டே ஆண்டுகளில் மீண்டும் முடியிழந்தான். பிறகு வந்த ஆண்டிரூ, தம்பி பேலாவை விலக்கிவிட்டுத் தன் சிறுபிள்ளை சாலமனுக்கு 1057-ல் முடிசூட்டினான். அதனால் மூண்ட குடும்பப் போர் 1074 வரை ஓயவில்லை.

பீட்டரும் பெண்வழி வந்தவன். குலோத்துங்கனும் பெண்வழி வந்தவன். ஒருவன் அந்நியர் சேனையை நம்பினான், நிலைக்கவில்லை. மற்றவன் ஐம்பது ஆண்டுக் காலம் ஆண்டான். சுங்க வரியை நீக்கிச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். 1086-ல் நிலங்களை அளப்பித்தான். குடிகள் அவனைத் தங்கள் மன்னனாகவே ஏற்றனர்.

ஆயினும் அந்தக் குழப்பத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தது. அதே 1070-ல் விஜயபாஹு பொலன்னறுவையைக் கைப்பற்ற, ராஜராஜன் காலம் முதல் சோழர் வசமிருந்த இலங்கை கைநழுவிப் போயிற்று.

பிறப்பு சிம்மாசனத்துக்கு வழி திறக்கலாம். அதில் நிலைபெறக் குடிகளின் மனம் வேண்டும். ஆள்வோரைக் குடிகளே தேர்ந்தெடுக்கும் இந்நாளிலும் மாளிகைமேட்டுச் செங்கற்கள் சொல்லும் பாடம் இதுதான். அவ்வழியே போகிறவர்கள், விமானத்தைக் கண்டு வியந்த பின், வென்றவனின் புலவர் பாடாமல் விட்ட அதிராஜேந்திரனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும்.