மின்சாரம் தரும் தவளைத் தோல்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. குளத்து நீரில் உப்பு மிகக் குறைவு. தவளையின் உடம்பிலிருந்தோ சிறுநீரோடும் தோல் வழியாகவும் உப்பு ஓயாமல் வெளியேறுகிறது. இந்த இழப்பை ஈடுகட்டுவதும் அதே தோல்தான். உப்புக்கு ஏங்கும் தவளை, மிக நீர்த்த கரைசலிலிருந்தும் தோலால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ 1937-இல் காட்டினார்.

உரித்தெடுத்த தவளைத் தோலின் இரு புறங்களுக்கும் இடையே மின்னழுத்தம் இருப்பதை ஜெர்மானியரான எமில் துபுவா-ரேமோன் 1848-இலேயே கண்டிருந்தார். உட்புறம் நேர்மின், வெளிப்புறம் எதிர்மின். வேறுபாடு 100 மில்லிவோல்ட் வரைகூடப் போகும். அது எங்கிருந்து வருகிறது என்பது நூறாண்டு காலம் புரியவில்லை.

கோபன்ஹேகனில் ஹான்ஸ் உசிங் ஓர் எளிய கருவி செய்தார். இரண்டு சிறு அறைகள், நடுவே தவளைத் தோல். இருபுறமும் ஒரே உப்புக் கரைசல். வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்து, தோலின் மின்னழுத்தத்தைச் சுழியமாக்கினார். இப்போது அயனிகளைத் தள்ளச் செறிவு வேறுபாடும் இல்லை, மின்விசையும் இல்லை. ஆனாலும் மின்னோட்டம் மணிக்கணக்கில் நீடித்தது! கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு அளந்தபோது, உள்நோக்கிச் செல்லும் நிகரச் சோடியமும் அந்த மின்னோட்டமும் துல்லியமாக ஒத்துப்போயின. உயிருள்ள தோல் தன் ஆற்றலைச் செலவழித்துச் சோடியத்தைக் கடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1951-இல் சக ஆய்வாளர் செரானுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இந்தச் சோதனை, உடலியங்கியலின் மிக அழகான சோதனைகளுள் ஒன்று என்பேன்.

தோல் செல்லின் வெளிப்பக்கச் சவ்வில் சோடியம் நுழையும் நுண்ணிய புரதத் துளைகள் உண்டு. உட்பக்கச் சவ்வில் பம்ப்: மூன்று சோடியத்தை உடம்புக்குள் தள்ளி, இரண்டு பொட்டாசியத்தைச் செல்லுக்குள் எடுக்கும். நண்டின் நரம்பில் இந்தப் பம்பை 1957-இல் இனங்கண்ட ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தோலின் வெளிப்புறத்தில் அமிலோரைடு என்ற மருந்தை இட்டால் துளைகள் அடைபடும்; மின்னோட்டம் சட்டென்று விழும். நம் சிறுநீரகத்திலும் அதே வகைத் துளைகள் இருப்பதால், சிறுநீரில் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்ற இது மாத்திரையாகத் தரப்படுகிறது.

இந்தக் கடத்தல் குலைந்தால் தவளையின் உயிருக்கே ஆபத்து. தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் தவளைகளை அழித்துவருகிறது. அது எப்படிக் கொல்கிறது என்பதற்கு 2009-இல் விடை கிடைத்தது. நோயுற்ற ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளின் தோலில் சோடியக் கடத்தல் குன்றியது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்தன. கடைசியில் இதயம் நின்றது.