‘லெட்’: விடுதலும் தடுத்தலும்

1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கிலத் திருமறையில் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை வாசிப்போர் ஒரு விந்தையைக் காண்பர். முதலாம் வசனத்தில், இஸ்ரவேலரைப் போகவிடுமாறு பார்வோனிடம் கேட்கப்படுகிறது. அங்கு வரும் வினைச்சொல் ‘லெட்’. நான்காம் வசனத்தில், மோசேயும் ஆரோனும் மக்களை அவர்தம் வேலையினின்று தடுப்பதாக எகிப்தின் மன்னன் கடிந்துகொள்கிறான். அங்கும் ‘லெட்’ என்பதே வினை. எபிரெயத்திலோ இவ்விரண்டும் வெவ்வேறு வினைகளாம்.

உண்மையில் ஆங்கிலத்திலும் இவை இரு வேறு சொற்களே. பழைய ஆங்கிலத்தில் ‘லேட்டன்’ என்பது விட்டுவிடுதலையும் அனுமதித்தலையும் குறித்தது. ‘லெட்டன்’ என்பது தடுத்தலைக் குறித்தது. பின்னது, நாம் அன்றாடம் பேச்சில் வழங்கும் ‘லேட்’ என்னும் சொல்லுக்கு உறவு. ஒருவனைத் தாமதிக்கச் செய்வது அவனைத் தடுப்பதே அன்றோ? காலப்போக்கில் ஈற்றசைகள் தேய, இரு சொற்களும் ஒரே வடிவை எய்தின. இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றே என்பர் மொழிநூலார். கையைத் தளர்த்தினால் பிடித்த பொருள் விடுபடும்; நடையைத் தளர்த்தினால் பயணம் தாமதப்படும் என்று நாம் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

முதற்பொருளுக்குத் தமிழின் ‘விடு’ வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது. போகவிடுதலும் வீட்டை வாடகைக்கு விடுதலும் ஆங்கிலத்தில் ‘லெட்’ என்பதாலேயே சொல்லப்படும். இரண்டாம் பொருள் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது. எனினும் நமது இந்தியக் கடவுச்சீட்டில், அதனை உடையவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு வேண்டும் வாசகத்தில் அது பெயர்ச்சொல்லாக இன்றும் நிற்கிறது.

ஆங்கில விளக்கவுரைகளைக் கொண்டு அருளுரை ஆயத்தம் செய்வோருக்கு இடறலாகக் கூடிய இடம் 2 தெசலோனிக்கேயர் 2:7 ஆகும். அக்கிரமத்தின் இரகசியம் வெளிப்படாதபடி இப்போது தடுக்கிறவரைக் குறிக்க ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு ‘லெட்’ என்கிறது. இதனை அனுமதித்தல் என்று கொண்டால், தீமையைத் தடுப்பவர் தீமைக்கு இடங்கொடுப்பவராகி விடுவார்! உபதேசமே தலைகீழாகும். ஆறாம் வசனத்தில் அதே கிரேக்க வினைக்கு அம்மொழிபெயர்ப்பாளர்களே வேறு சொல்லை ஆண்டிருப்பது கவனிக்கத்தக்கது. நம் தமிழ்த் திருமறை இரண்டிடத்தும் தடைசெய்தல் என்றே தெளிவாகக் கூறுகிறது. 1881-ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருத்தப் பதிப்பும் பழைய சொல்லை நீக்கியது. ரோமர் 1:13-இலும் அவ்வாறே.

தடுக்கிறவர் யார் என்பது வேறு வினா. உரோமப் பேரரசு என்றார் தெர்த்துல்லியன். நற்செய்தி எங்கும் பரவவேண்டியதையே கால்வின் சுட்டினார். இக்கருத்துகளில் எதை ஏற்பினும், தடுத்தல் என்னும் பொருள் மாறுவதில்லை.

ஆயினும் பவுல் ஆண்ட ‘கத்தெக்கோ’ என்னும் கிரேக்க வினையும் ஒருபொருட் சொல் அன்று. 1 தெசலோனிக்கேயர் 5:21-இல் நல்லதைப் பற்றிக்கொள்ளுதல் என அது பொருள்படும். ரோமர் 1:18-இல் சத்தியத்தைப் பற்றியிருத்தல் என்னும்படி ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு அமைய, நம் தமிழ்த் திருமறை அடக்கிவைத்தல் என்றது. அங்கே தமிழே சூழலுக்கு இசைகிறது என்பது நம் துணிபு. ஏனெனில் அவ்வசனம் பேசுவது தேவகோபத்தைப் பற்றியது.