பாறசாலைப் பாட்டுக்குப் பின்பக்கம்

நவராத்திரி நெருங்கினால் பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஊர்வலம் நடந்தேதான் போகும். முதல் ராத்திரி குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டி, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையில் அடுத்த தங்கல். வழி நெடுகச் சனங்கள் விளக்கேற்றிக் காத்திருப்பார்கள். 1956இல் கோடு போட்டு மாநிலங்களைப் பிரித்தார்கள். தேவியின் பாதை மட்டும் மாறவில்லை.

அவள் போய்ச் சேருவது கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபம். அங்கே ஒன்பது நாளுக்கு ஒன்பது ராகம், எல்லாம் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி, ஆறாம் நாள் பந்துவராளி. ஆண்களே பாடிவந்த அந்த மண்டபத்தில் 2006இல் முதன்முதலாக ஒரு பெண் குரல் ஒலித்தது. பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 81! நெய்யாற்றின்கரை வாசுதேவனையும் சேர்த்துக்கொண்டால், இந்தச் சின்ன வட்டாரம் கர்னாடக இசைக்குக் கொடுத்த கொடை என்னவென்று புரியும்.

பாட்டு கேட்டாயிற்று. இப்போது மேடைக்குப் பின்பக்கம் வாருங்கள்; அங்கேதான் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. கணக்கை எளிமையாகச் சொல்லப் புறப்படுகிறவர்கள் எல்லோரும் பீட்சாவை வெட்டித்தான் ஆரம்பிக்கிறார்கள். பாறசாலையில் அதற்குத் தேவையே இல்லை. இங்கே பாட்டு வகுப்புக்குப் போகிற எந்தப் பிள்ளையும் ஏற்கெனவே ஒரு பெரிய கணிதத்தை வாயில் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சங்கராபரணத்தின் முழுப்பெயர் தீரசங்கராபரணம். கல்யாணிக்கு மேசகல்யாணி. தோடிக்கு ஹனுமத்தோடி. எதற்கு இந்த முன்னொட்டு? அழகுக்காக அல்ல. அது ஒரு பூட்டு!

சாவி கடபயாதி. வடமொழி எழுத்து வரிசையில் க தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று என எண் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒன்பது முடிந்து அடுத்த எழுத்து சைபர். ‘ட’வில் மறுபடி ஒன்று, ‘ப’வில் ஒன்று, ‘ய’வில் ஒன்று. உயிர்க்குறிகளுக்கு மதிப்பே கிடையாது. இப்போது ‘தீர’ என்பதைப் பிடியுங்கள். அழுத்திச் சொல்லும் அந்தத் ‘தீ’ 9, ‘ர’ 2. தலைகீழாகப் புரட்டினால் 29. 72 தாய் ராகங்களை வரிசைப்படுத்தும் மேளகர்த்தா அட்டவணையில் சங்கராபரணம் 29ஆம் ராகம்! ‘மேச’: 5, 6. புரட்டினால் 65, கல்யாணி அங்கேதான் இருக்கிறது. ‘ஹனு’: 8, 0. புரட்டினால் 08, தோடி. பந்துவராளிக்கு அட்டவணைப் பெயர் காமவர்த்தினி: 1, 5. ஆக 51.

தமிழ் எழுத்தில் நான்கு வகைத் ‘த’வுக்கும் ஒரே வடிவம்தான், ஆகவே தமிழ் மட்டும் படித்த பிள்ளை இந்தப் பூட்டைக் காதால்தான் திறக்க வேண்டும். எல்லைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்தச் சிரமம் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். மலையாள எழுத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி உருவம் உண்டு. இரண்டு மொழி தலையில் ஏறியதைப் பாரம் என்று நினைக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்ல எனக்கு ஆசை.

சரி, ஏன் 72? இதற்கு ஓர் ஆர்மோனியம் போதும். ‘ஸ’வையும் ‘ப’வையும் தொடாதீர்கள், அவை அசையாது. ‘ஸ’வுக்கும் முதல் ‘ம’வுக்கும் நடுவில் நான்கு கட்டைகள். அவற்றில் ஏதாவது இரண்டை எடுங்கள்: கீழே இருப்பது ‘ரி’, மேலே இருப்பது ‘க’. எத்தனை வழி? எண்ணிப் பாருங்கள், ஆறு. ‘ப’வுக்கு மேலேயும் நான்கு கட்டைகள், ‘த’, ‘நி’க்கு அங்கேயும் ஆறு வழி. ‘ம’ இரண்டு விதம். ஆறை ஆறால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் 72. சேர்மானக் கணிதம் என்று கல்லூரியில் பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான்! சங்கராபரணத்தின் ‘ம’வை மட்டும் ஒரு கட்டை ஏற்றினால் கல்யாணி, 29உடன் 36ஐக் கூட்டினால் 65. விரல் நகர்ந்ததும் கணக்கு நகர்ந்ததும் ஒன்றே.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில் இந்த 72ஐயும் எண்ணி வைத்தபோது, புழக்கத்தில் இருந்த மேளங்கள் வெறும் 19. மற்றவற்றை யாரும் பாடியதில்லை! கணக்கு இடம் போட்டு வைத்தது, ராகம் பிறகு வந்து உட்கார்ந்தது. 1869இல் மெண்டலீவ் தனிம அட்டவணையில் காலிக் கட்டங்கள் விட்டுவைத்தாரே, அதே துணிச்சல். பின்னாளில் கோடீசுவர ஐயர் 72 மேளத்திலும் தமிழில் கீர்த்தனை செய்து அத்தனை இடத்தையும் பாட்டால் நிரப்பினார்.

இந்தக் கடபயாதி பாட்டுக்காரர்களின் சொந்தச் சொத்தும் அல்ல. கேரளத்துக் கணிதர்கள் வானியல் அட்டவணைகளையே இப்படிச் சொற்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். அந்த மரபின் தலைமகன் 14ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவன். விட்டம் 9,00,00,00,00,000 என்றால் சுற்றளவு 28,27,43,33,88,233 என்று அவர் சொன்னதை வகுத்துப் பாருங்கள், பை பத்துத் தசம இடம் வரை சரியாக வரும். ஒன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, ஏழில் ஒரு பங்கைக் கழித்து, முடிவில்லாமல் போனால் பையின் கால் பங்கு கிடைக்கும் என்பதும் அவர் வழி வந்த அறிவு. ஐரோப்பாவில் கிரிகரியும் லைப்னிட்சும் இதைக் கண்டது 1670களில். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே, 1530ஐ ஒட்டி, ஜேஷ்டதேவர் இதற்கு நிரூபணம் எழுதினார். எந்த மொழியில்? மலையாள உரைநடையில்! சமஸ்கிருதச் சூத்திரமாகச் சுருக்காமல், ஏன் அப்படி வருகிறது என்பதை ஊர்ப் பேச்சில் படிப்படியாக விளக்கினார். ‘யுக்திபாஷா’ என்ற அந்த நூலை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். கணிதத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இன்று பேசுகிறவர்களுக்கு அவரே மூத்த அண்ணன்.

இன்னொரு கதவும் திறக்கிறேன். ஒரு தாய் ராகத்தில் ‘ஸ’ தவிர மீதி ஆறு சுரங்கள். எதையும் விடாமல் பாட ஒரு வழி, ஒன்றை விட ஆறு வழி, இரண்டை விடப் பதினைந்து வழி, மொத்தம் 22. ஏறும்போது 22, இறங்கும்போது 22, பெருக்கினால் 484. அதில் ஒன்று தாய் ராகமேதான். அதைக் கழித்தால் 483 பிள்ளைகள். 72 தாய்க்கும் சேர்த்து 34,776!

ஆனால் அவசரப்படாதீர்கள். மோகனத்தில் ‘ம’வும் இல்லை, ‘நி’யும் இல்லை. ஆகவே அதை 28, 29, 64, 65 என்று நான்கு தாய்களுமே சொந்தம் கொண்டாடலாம். நம் கணக்கில் அது நான்கு தடவை விழுந்திருக்கிறது. இப்படி எத்தனை ராகம் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கும்? பென்சிலை எடுங்கள், 28ஆம் தாயான ஹரிகாம்போதியிலிருந்து ஆரம்பித்தால் சுலபம்.