எட்டும் தூரத்தில் மருத்துவம் – 9: சிவப்பு மணி

போன வாரம் ஜாம்கேடில் இருந்தோம். இந்த வாரம் அதே மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடி. காடும் கோண்டுப் பழங்குடி ஊர்களும் நிறைந்த கட்சிரோலி மாவட்டம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பிய மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் 1986இல் இங்கே ‘சர்ச்’ (SEARCH) அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு மழைக்கால மாலையில் இரண்டு பெண்கள் கைக்குழந்தையோடு ஓடிவந்தார்கள். அபய் சோதித்துக்கொண்டிருக்கும்போதே அதன் மூச்சு அடங்கிவிட்டது. அவர்கள் ஊர் நாலே கிலோமீட்டர். பிறகு உட்கார்ந்து அந்தச் சாவின் காரணங்களை எண்ணினார் அபய். கர்ப்பத்தில் தாய் கிடந்த அரைவயிறு, நிமோனியா, மந்திரவாதி, பாலமில்லாத ஆறு என்று பதினெட்டு வந்தது. மருத்துவமனை வாசலில் காத்திருப்பவரால் அவற்றில் ஒன்றைக்கூட அறுக்க முடியாது. ஊருக்குள் இருப்பவரால் முடியும்.

ஊருக்குள் இருந்தவர்கள் மருத்துவச்சிகள். பலருக்கு எழுத்து தெரியாது. பத்துக்கு மேல் எண்ணத் தடுமாறுவார்கள். நிமோனியாவைக் கண்டுபிடிக்கவோ மூச்சை எண்ணியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50 என்பது ஆபத்தின் எல்லை. அதற்காக ஒரு கருவி செய்தார்கள். ஒரு நிமிட மணற்கடிகாரமும் வயதுக்கொன்றாக இரண்டு வரிசை மணிகளும், அவ்வளவுதான். கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டு, குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். வரிசையின் கடைசி மணி சிவப்பு. மணல் தீர்வதற்குள் கை அதைத் தொட்டால் நிமோனியா. உடனே மருந்து புகட்ட வேண்டும்.

அடுத்தது பிறந்த 28 நாளுக்குள் நேரும் சாவுகள். பிரசவங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே நடந்த காலம் அது. 1995 முதல் 39 ஊர்களில், ஓரளவு படித்த உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் வீடு தேடிப் போய்க் குழந்தையை நிறுத்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், சூடு இறங்காமல் பொதிந்தார்கள். சீழ்நோய் கண்டால் ஜென்டாமைசின் ஊசியும் போட்டார்கள். இந்தத் திட்டத்துக்கு முன் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 62 ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. மூன்றாம் ஆண்டில் அது 25 ஆனது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட 47 ஊர்களில் ஏறக்குறைய 60இலேயே நின்றது. 1999இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது.

2011இல் இந்திய அரசு இந்த முறையை ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களிடம் ஒப்படைத்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாளுக்குள் ஆறு முறை, வீட்டில் பிறந்ததை ஏழு முறை போய்ப் பார்க்க வேண்டும். அத்தனை நடைக்கும் சேர்த்து, ஒரு குழந்தைக்கு அன்று நிர்ணயித்த ஊக்கத்தொகை 250 ரூபாய். அது சம்பளமா, சன்மானமா? அடுத்த வாரம் ஆஷாக்களோடு நடப்போம்.

(தொடரும்)