பெயர் காக்கும் பேரேடுகள்

கல்விச்சாலை ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அதிபர்களையும் புகழ்பெற்ற மாணாக்கரையுமே முதலில் தேடுவர். சேர்வுப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் தேடுவோர் மிகச் சிலர். “எந்தப் பையன் எந்நாளில் சேர்ந்தான் என்பதை அறிந்து ஆவதென்ன?” என்று அன்பர் ஒருவர் என்னை வினவினார். அவ்வினாவிற்கு வட்டுக்கோட்டையே தக்க விடை தரும் என்பது என் எண்ணம்.

அமெரிக்க மிசனார் 1823 இல் அவ்வூரில் சாத்திரசாலையை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன. 1855 இல் அது மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்குப் பயின்றவர்களே.

‘கறல்’ என்பது யாழ்ப்பாணத்துப் பெயரன்று. அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோர் விரும்பிய பெயரை மாணாக்கனுக்கு இடுவது அக்கால வழக்கம். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை வில்லியம் நெவின்ஸ் ஆனார். இவர்கள் நூல் செய்து புகழ் பெற்றமையால் இருபெயரும் நிலைத்தன. நூலொன்றும் எழுதாது ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் வாழ்ந்து மறைந்தோர் நிலை என்ன? புதுப்பெயரையும் பிறந்த ஊரையும் தந்தை பெயரையும் ஒருங்கே இணைக்கும் ஏடு அழியுமாயின், அம்மனிதரும் நமக்கு அழிந்தவரேயாவர்.

மிசனாரின் கடிதங்கள் பல ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஹூற்றன் நூலகத்தில் உள்ளன. சாத்திரசாலை அச்சிட்ட மூவாண்டறிக்கைகளும் பயன் தருவனவே. ஆயினும் அறிக்கை பிறர் காண எழுதப்படுவது. பதிவேடோ அன்றாட அலுவலுக்கென எழுதப்படுவது. பின்னதிலேதான் அலங்காரமற்ற உண்மை அகப்படும்.

பழைய மை தாளை அரிக்கும். ஈரமும் கறையானும் எஞ்சியதைத் தின்னும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுவதும் ஓரத்தை வெட்டிப் புதிதாய்க் கட்டுவதும் உதவியாகா. ஏடுகளின் பழைய வரிசையைக் குலையாது, உலர்ந்த இடத்தில் வைத்து, படம்பிடித்த படிகளை வேறிடங்களிலும் சேமித்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் ஒருங்கே சாம்பலாயின. ஓரிடத்து வைப்பு வைப்பாகாது என்பதை அதனினும் கொடிதாய் எவர் கற்பிக்க வல்லார்?

தொட்டால் உதிரும் ஏடுகளிலிருந்து கலித்தொகையை மீட்டு 1887 இல் பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை. அவரைப் பயிற்றிய சாலையின் கணக்கேடுகளும் அத்தகைய பரிவுக்குரியனவே. பழைய கல்லூரிகளின் அலுமாரிகளைத் திறக்கும் உரிமையுடையோரே, பழந்தாளைக் கழிவென்று ஒதுக்குமுன் அதிலுள்ள பெயர்களை ஒருமுறை வாசியுங்கள். அவற்றுள் நம் பாட்டனார் பெயரும் இருத்தல் கூடும்.