கிழக்கு எந்தப் பக்கம் சார்?

டெபிட் இடது, கிரெடிட் வலது... தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பி.காம். ஆச்சே! ஆனால் அன்றைக்கு ஒரகடத்தில் ஒரு பைக் விபத்து. 108-க்குப் போன் போட்டேன். “எந்த ரோடு சார்?” என்றார்கள். “இங்கதாங்க, டீக்கடை பக்கம்!” ஒரகடத்தில் டீக்கடை இல்லாத பக்கம் ஏது?

பக்கத்தில் நின்ற யூனிஃபார்ம் சிறுமி போனை வாங்கினாள். “வாலாஜாபாத் ரோடு சார். கூட்டுரோட்லேர்ந்து மேற்கே அரை கிலோமீட்டர், இடது பக்கம்!” ஆம்புலன்ஸ் நேராக வந்து நின்றது.

“எப்படிம்மா?”

“கூட்டுரோடுதான் அங்கிள் காம்பஸ்! வடக்கே ஸ்ரீபெரும்புதூர், தெற்கே சிங்கப்பெருமாள்கோவில், கிழக்கே வண்டலூர். கிளாஸ்ல மேப் விளையாட்டு உண்டு.”

நாலு பேர் ஒரு குழு. 10 மீட்டருக்கு எத்தனை காலடி என்று முதலில் டேப் பிடித்துப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஒருவர் நடக்க, ஒருவர் எண்ண, ஒருவர் திசை பார்க்க, ஒருவர் குறிக்க... 10 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று மைதானமே பேப்பரில் வந்துவிடும். அதைப் பார்த்து, ஒளித்து வைத்த மிட்டாய் டப்பாவை அடுத்த குழு கண்டுபிடிக்க வேண்டும். மேப் தப்பானால் மிட்டாய் அம்பேல்!

விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள். 1802-ல் லாம்டன் குழு பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து ஏழரை மைல் அளந்தது. 57 நாள் ஆனது. அங்கே தொடங்கிய சர்வேதான் பின்னாளில் எவரெஸ்டின் உயரத்தையே சொன்னது.

சரி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி எந்தத் திசையைப் பார்க்கிறது? செல்போனைத் தொடாமல் சொல்லுங்கள், பார்ப்போம்!